குரூப்பில் அரசியல் வேண்டாம்

தேநீர்க் கடைகளிலும் முடிதிருத்தகங்களிலும் 'இங்கு அரசியல் பேசாதீர்' என்று பலகை தொங்கும். மாட்டிய கடைக்காரருக்கே அதில் நம்பிக்கை கிடையாது. பலகைக்குக் கீழே நாளிதழ் நான்கு தாளாகப் பிரிந்து நான்கு கைகளில் இருக்கும். ஒருவர் உரக்கப் படிப்பார், எதிர் பெஞ்சுக்காரர் "அட, புளுகுய்யா" என்பார், டீ ஆறிப்போகும். இன்று அந்தப் பலகை குடும்ப வாட்ஸ்அப் குழுக்களுக்குக் குடிவந்துவிட்டது. இங்கே அதற்கு மதிப்பும் உண்டு. ஆனால், ஒரு தரப்புக்கு மட்டும்.

காலை ஆறு மணிக்குப் பெரியப்பா ஒரு ஃபார்வர்ட் போடுகிறார். பிள்ளை பிடிக்கிறவர்கள் ஊருக்குள் இறங்கிவிட்டார்கள்; இன்னார் கடையில் பிரியாணி வாங்காதீர்கள். முருகன் படத்துக்கும் பேத்தியின் பிறந்தநாள் வாழ்த்துக்கும் நடுவே அது வருவதால் யாருக்கும் அரசியலாகத் தெரிவதில்லை. பெரியப்பாவின் அக்கறையாகத் தெரிகிறது. "இது பொய்ச் செய்தி பெரியப்பா" என்று தம்பி மகன் எழுதினால்தான் அரசியல். "குரூப்ல அரசியல் வேண்டாமே" என்று கைகூப்பிய எமோஜியோடு அட்மின் அத்தான் வந்துவிடுகிறார். தடை பதிலுக்குத்தான், ஃபார்வர்டுக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

இந்தத் தடைக்கு உயிர்கள் பலியாகியிருக்கின்றன. 2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூரில், கோயிலுக்குக் காரில் வந்த ஒரு குடும்பத்தை ஊரார் சூழ்ந்து அடித்தார்கள். குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்ததுதான் சந்தேகத்துக்குக் காரணம். 65 வயது மூதாட்டி இறந்துபோனார். வட மாநிலத்திலிருந்து குழந்தைக் கடத்தல் கும்பல் வந்திருக்கிறது என்ற குரல்பதிவுகளும் வீடியோக்களும் வட மாவட்டங்களில் கைபேசிக்குக் கைபேசி தாவிக்கொண்டிருந்த நேரம் அது. அந்தக் கோடையில் இந்தியாவெங்கும் சுற்றிய ஒரு வீடியோவில், பைக்கில் வரும் இருவர் தெருவில் விளையாடும் சிறுவனைத் தூக்கிச் செல்கிறார்கள். உண்மையில் அது கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம். சிறுவனைத் திரும்ப இறக்கிவிட்டு எச்சரிக்கை அட்டையை விரித்துக் காட்டுவதோடு முடியும். யாரோ அந்த முடிவை மட்டும் நறுக்கிவிட்டார்கள். அவ்வளவுதான் அந்தக் கைவேலை!

வாட்ஸ்அப் நிறுவனம் அந்த ஜூலையில் 'ஃபார்வர்டட்' என்று முத்திரை குத்தத் தொடங்கியது. ஒரு செய்தியை ஒரே முறையில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி இந்தியாவில் கட்டுப்பாடும் வந்தது. பல கை மாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோதான் அனுப்பலாம் என்று 2020இல் மேலும் இறுக்கினார்கள். வேகம் குறைந்திருக்கலாம். ஆனால் எழுத்தை நகலெடுத்து ஒட்டினால் முத்திரை உதிர்ந்துவிடுகிறது. முத்திரை இருந்தாலும்தான் என்ன? செய்தியை யார் உண்டாக்கினார் என்று நாம் பார்ப்பதில்லை, யார் அனுப்பினார் என்றுதான் பார்க்கிறோம். நமக்குச் சோறு போட்டு வளர்த்த அத்தை அனுப்பியதை எப்படிச் சந்தேகிப்பது?

கட்சிகளின் தகவல் தொழில்நுட்ப அணிகளுக்கு இது நன்றாகவே தெரியும். கொடியும் சின்னமும் போட்டு வரும் பதிவை மாற்றுக் கட்சிக்காரர் திறந்துகூடப் பார்க்கமாட்டார். கொடியைக் கழற்றிவிட்டு அத்தையின் கைக்கு வரும்படி செய்துவிட்டால் போதும், மிச்சத்தை உறவுமுறை பார்த்துக்கொள்ளும்.

2023 மார்ச்சில் கதை திசை மாறியது. தமிழ்நாட்டில் பிகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. ஒன்று திருப்பூரில் பிகார்க்காரர்களே இரு கோஷ்டியாக மோதிக்கொண்டது, இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களின் தகராறு என்று காவல்துறைத் தலைவர் விளக்கினார். பிகார் அரசும் அதிகாரிகள் குழுவை இங்கே அனுப்பிப் பார்த்தது. ஆனால் அதற்குள் ஊரிலிருந்து தாயும் மனைவியும் போன் போட்டு "கிளம்பி வா" என்று அழுதாயிற்று. ஹோலிக்குப் போகிறவர்களோடு பயந்து போகிறவர்களும் சேர்ந்து ரயிலேறினார்கள். ஐந்து ஆண்டுகளுக்கு முன் வடக்கத்தியான் என்று இங்கே எதற்கு நடுங்கினோமோ, அதே நடுக்கம் நம் பெயரைச் சொல்லி அங்கே போயிருந்தது. காவல்துறையின் மறுப்பும் இணையத்தில்தான் இருந்தது. ஆனால் அதை அனுப்ப அந்த வீட்டுக்கு ஒரு மாமா இல்லை.

கருவியைக் குறை சொல்லிவிட்டு ஒதுங்குவதற்கில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் எந்தத் தெருவுக்குப் படகு வேண்டும், எங்கே சாப்பாடு இருக்கிறது என்று சென்னை அறிந்தது இதே கைபேசிகளில்தான். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக, எந்தக் கட்சித் தலைமையும் இல்லாமல் மெரினா நிரம்பியதும் இப்படித்தான்.

படித்த பிள்ளைகள் வேறொரு வழி வைத்திருக்கிறார்கள். பெரியப்பாவுக்குத் தனியாகச் செய்தி அனுப்பி மரியாதையாகச் சொல்லிவிடுகிறார்கள். அவரும் "அப்படியாப்பா, சரி" என்கிறார். குழுவில் பொய் அப்படியே கிடக்கிறது. பொய்யை மொத்தக் குடும்பமும் படித்தது, திருத்தத்தை ஒருவர் மட்டும். இந்த நாசூக்கு வேண்டாம் என்பது எங்கள் கட்சி. பொய் எந்தக் குழுவில் வந்ததோ அதே குழுவில், 'பெரியப்பா' என்று முறை சொல்லியே, மறுப்பும் வரட்டும். அத்தான் கோபித்துக்கொண்டு வெளியேற்றினால் வெளியேற்றட்டும். அடுத்த கல்யாணப் பத்திரிகைக்கு அவர் எப்படியும் திரும்பச் சேர்த்துக்கொள்வார்.