"பேட் மே தர்த்" மட்டும் போதுமா?

நம் சங்கத்துக்கு வரும் புகார்கள் பெரும்பாலும் ரேஷன் கார்டு, குழாய்த் தண்ணீர், பள்ளிச் சேர்க்கை பற்றியவை. சென்ற மாதம் வந்தது வேறு. தாராவியில் இட்லிக்கு மாவு அரைத்துக் கொடுக்கும் தாய் ஒருவர் நம் மகளிர் குழுவின் முன் ஒரு பை நிறைய மருந்துச் சீட்டுகளைக் கொட்டினார். நான்கு ஆண்டுகளாக வெள்ளைப்பட்டு, அரிப்பும் அடிவயிற்று வலியுமாக அவதிப்படுகிறவர். சீட்டுகள் அத்தனையும் வயிற்றுப் புண்ணுக்கு!

மருத்துவமனையில் அவருக்காக இந்தி பேசியவன் பன்னிரண்டு வயது மகன். பெற்ற பிள்ளையிடம் எந்தத் தாய் அந்த நோவைச் சொல்வாள்? "பேட் மே தர்த்" என்றான் பையன். மருத்துவரும் அதற்கே மருந்து எழுதினார்.

இதை அவருடைய கூச்சம் என்று ஒதுக்க நாம் தயாரில்லை. இதே மராட்டிய மாநிலத்தில், கட்சிரோலி மாவட்டத்து இரண்டு கிராமங்களில் டாக்டர் ராணி பங், அபய் பங் தம்பதியர் 650 பெண்களைப் பரிசோதித்து 1989-இல் முடிவை வெளியிட்டனர். நூற்றுக்கு 92 பேருக்குப் பெண்நோய் ஏதாவதொன்று இருந்தது. முன்பு அதற்கான பரிசோதனை செய்துகொண்டவர்கள் நூற்றுக்கு 8 பேரே! சொந்த மண்ணில் சொந்த மொழி பேசியவர்களின் நிலையே அது என்றால், பிழைக்க வந்த நம் பெண்களின் நிலை என்ன?

"உடம்புச் சூடு" என்று வெந்தயமும் மோரும் கொடுக்கிறோம். வெந்தயத்தின் மேல் நமக்குப் பகையில்லை. ஆனால் கிருமியால் வந்தது அதற்கு அடங்காது. மாதத்தில் சில நாள் நிறமின்றி, நாற்றமின்றிப் படுவது இயல்பே. அரிப்பு, துர்நாற்றம், நிறமாற்றம், அடிவயிற்று வலி இருந்தால் பரிசோதனை வேண்டும். உறவுக்குப் பின்னோ, மாதவிலக்கு நின்ற பின்னோ இரத்தம் பட்டால் ஒரு வாரமும் தள்ளக்கூடாது. சிலவகைத் தொற்றுக்குக் கணவனும் மருந்து சாப்பிட வேண்டும். இல்லையேல் அது திரும்பத் திரும்ப வரும். இதைச் சொன்னால் நம் ஆண்கள் டீக்கடைப் பக்கம் நழுவிவிடுகிறார்கள். மேடையில் பெண்ணுரிமை பேசுவோரும் அதில் உண்டு!

அலுத்துப்போய்த் தனியார் மருத்துவரிடம் போனால், "கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் தொல்லை ஒழியும்" என்பார் உண்டு. பீட் மாவட்டத்துக் கரும்பு வெட்டும் பெண்களின் கதை 2019-இல் நாடறிந்தது. வேலைக்கு வராத நாளுக்கு ஒப்பந்தக்காரர் அபராதம் பிடிக்க, ஆயிரக்கணக்கானோர் இளம் வயதிலேயே கர்ப்பப்பையைப் பறிகொடுத்தார்கள். புற்றுநோய், அடங்காத உதிரப்போக்கு போன்றவற்றுக்கு அந்த அறுவை தேவைப்படலாம். வெள்ளைப்படுதலுக்கு அது மருந்தன்று. இன்னொரு மருத்துவரைக் கேட்காமல் எவரும் கையெழுத்திட வேண்டாம்.

ரயில்வேயில் எழுத்தராயிருக்கும் நம் போன்றோர் வீட்டுப் பெண்களுக்கு ரயில்வே மருத்துவமனை உண்டு. மாவு அரைப்பவருக்கு மாநகராட்சி வரிசைதான். ஒரு நாள் நின்றால் ஒரு நாள் வருமானம் போயிற்று. ஆகவே அங்கே பெண்கள் பிரிவில் தமிழறிந்த பெண் ஊழியர் ஒருவரை அமர்த்தக் கோரி மாநகராட்சிக்கு மனுக் கொடுக்கிறோம். அதுவரை, இந்தியோ மராத்தியோ தெரிந்த நம் சகோதரிகள் முறைவைத்துத் துணைக்குப் போக வேண்டும். இருவர் பெயர் கொடுத்துவிட்டார்கள். இன்னும் பலர் தேவை.

அந்தத் தாய் வரும் வியாழக்கிழமை மீண்டும் போகிறார். துணைக்கு மகளிர் குழுத் தோழி ஒருவர் போகிறார். கணவரும் விடுப்புச் சொல்லியிருக்கிறார். பையன் பள்ளிக்கூடம் போவான்.