எழுபது கைகளின் கணக்கு

சீனாவின் ஜிங்டெஜென் நகரில் ஊழியம் செய்த தாந்த்ரகோல் என்ற ஃபிரெஞ்சுப் பாதிரியார், அவ்வூர்ப் பீங்கான் தொழிலைப் பற்றி 1712-இல் தாயகத்துக்கு நீண்ட கடிதம் எழுதினார். ஒரு பாண்டம் உருவாகி முடிவதற்குள் எழுபது பேரின் கைகளைக் கடந்துவிடும் என்று அங்கே சொல்வதை அதில் குறித்திருக்கிறார். மண்ணைக் கழுவ ஒருவர், பிசைய ஒருவர், வனைய ஒருவர். பூவின் கோட்டை இழுப்பவர் வேறு, அதற்குள் வண்ணம் நிரப்புபவர் வேறு. அரண்மனைக்குப் போன பாண்டத்தின் அடியில் இருந்ததோ பேரரசரின் ஆட்சிக்காலப் பெயர். சிறு குறை தெரிந்தாலும் பாண்டத்தை உடைத்துச் சூளையருகே புதைத்தார்கள். அரசர் உண்ணாத தட்டில் வேறு எவரும் உண்ணக் கூடாது. மிங் காலத்தில் அப்படிப் புதைத்த உடைசல்களை ஆய்வாளர்கள் குவியல் குவியலாகத் தோண்டி எடுத்து ஒட்டிச் சேர்த்திருக்கிறார்கள்.

ஐரோப்பிய அரசர்களுக்கும் இந்த வெள்ளை மண்ணின் மேல் தீராத மோகம். சாக்சனியின் ஆட்சியாளர் அகஸ்டஸ் 1717-இல் பிரஷ்ய மன்னருக்கு 600 குதிரைப்படை வீரர்களைக் கொடுத்து, 151 சீனப் பாண்டங்களை வாங்கிக்கொண்டார். ஏழாண்டுகளுக்கு முன்பே மைசெனில் அவருடைய சொந்தப் பீங்கான் ஆலை தொடங்கியிருந்தது. அதற்கு வழிவகுத்த பியோட்கர், தங்கம் செய்துதர வேண்டும் என்று அகஸ்டஸ் சிறைபிடித்து வைத்திருந்த ரசவாதி. ஆளைக் கொடுத்துத் தட்டு வாங்குவது, ஆளை அடைத்துவைத்துத் தட்டு செய்வது: அரசவை விருந்து மேசையின் அடித்தளம் இதுதான்.

டென்மார்க் அரசவையின் ‘ஃப்ளோரா டானிகா’ விருந்துத் தொகுப்பு 1790-இல் தொடங்கியது. அந்நாட்டுச் செடிகொடிகளை, தாவரவியல் ஏட்டில் இருந்தபடியே வேர், இலை, விதையோடு தட்டுகளில் தீட்டினார்கள். அதன் பெரும்பகுதி யோஹான் கிறிஸ்டோஃப் பேயர் என்ற ஒரே ஓவியரின் பன்னிரண்டு ஆண்டு உழைப்பு. தட்டைக் கவிழ்த்தால் செடியின் லத்தீன் பெயர் இருக்கும். ஆலையின் முத்திரையாக மூன்று நீல அலைகள் இருக்கும். பேயரைத் தெரிந்துகொள்ள வரலாற்று நூலைத்தான் புரட்ட வேண்டும். அவருக்கு அந்த இடமாவது கிடைத்தது. தட்டை வனைந்தவருக்கும் சூளைக்குத் தீ மூட்டியவருக்கும் அதுவும் இல்லை.

நவீன பீங்கான் கலை இந்த மரபை என்ன செய்திருக்கிறது என்பதே நம் கேள்வி. அரசர்களின் காலம் போய்விட்டது. பீங்கான் இன்று கலைக்கூடத்தில் கேள்வி கேட்கும் பொருளாகிவிட்டது. ஆனால், கைகளின் கணக்கு நேராகிவிட்டதா?

2010-இல் லண்டன் டேட் மாடர்ன் கலைக்கூட அரங்கில் சீனக் கலைஞர் ஐ வெய்வெய் பத்துக் கோடிப் பீங்கான் சூரியகாந்தி விதைகளைப் பரப்பினார். ஒவ்வொன்றும் கையால் செய்து கையால் தீட்டியது. செய்தவர்கள் அதே ஜிங்டெஜெனின் 1,600-க்கும் மேற்பட்ட கைவினைஞர்கள். தனிமனிதர் கூட்டத்தில் கரைந்துபோவதைப் பேசிய மகத்தான படைப்பு அது. அவர்கள் வேலை செய்யும் படமும் அரங்கில் ஓடியது. என்றாலும், கலை வரலாற்றில் அந்த 1,600 பேர் ஓர் எண்ணாகவே நிற்கிறார்கள். திறந்த சில நாட்களிலேயே, மிதிபடும் விதைகளிலிருந்து எழும் தூசி உடலுக்குக் கேடு என்று விதைகளின் மேல் நடக்கத் தடை வந்தது. அந்தத் தூசி நுரையீரலை என்ன செய்யும் என்பதைப் பீங்கான் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக அறிவார்கள்.

வேறு வழியும் உண்டு என்று காட்டியவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்கக் கலைஞர் ஜூடி சிகாகோ 1979-இல் காட்சிக்கு வைத்த ‘தி டின்னர் பார்ட்டி’, அரச விருந்தின் வடிவத்தையே எடுத்து, வரலாறு உரிய இடம் தராத 39 பெண்களுக்கு இலை போட்டது. பீங்கானில் தீட்டுவது பெண்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கப்பட்டிருந்த காலத்தில் அதையே தன் மொழியாக்கினார். உடன் உழைத்தவர்களின் பெயர்களையும் தனிப் பலகைகளில் எழுதி வைத்தார். இங்கிலாந்தின் ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் நகரில் பல ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டபின், பீங்கான் கலைஞர் நீல் பிரவுன்ஸ்வேர்ட் தன் ‘ஃபேக்டரி’ படைப்பில் அந்தத் தொழிலாளர்களையே அரங்குக்கு அழைத்துவந்தார். பீங்கான் பூ செய்யும் ரீட்டா ஃப்ளாய்ட் பார்வையாளர் முன் பூக்களைச் செய்தார். செய்த பூக்கள் அங்கேயே கழித்துப் போடப்பட்டன. பொருள் மிஞ்சவில்லை. விரல்களின் அறிவும் அதற்குரியவரின் பெயரும் மிஞ்சின.

கற்பனை கலைஞருடையது, மற்றவர்கள் கூலிக்குச் செய்தவர்கள் என்ற வாதத்தை நாம் ஏற்கவில்லை. திரைப்படத்தின் இறுதியில் விளக்குப் பிடித்தவர் பெயரும் ஓடுகிறது. அதனால் இயக்குநரின் மதிப்பு குறைவதில்லை. ஆயிரத்து முந்நூறு டிகிரி வெப்பத்தில் களிமண் எவ்வளவு சுருங்கும், எங்கே வளையும், எப்போது வெடிக்கும் என்பதை அறிந்த கை வெறும் கருவி அல்ல. அது சிந்திக்கிறது.

இந்த விஷயம் நமக்குத் தூரமானதல்ல. ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971-இல் புதுச்சேரியில் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியில் பயின்றவர்கள், இந்திய நவீன பீங்கான் கலையின் முகத்தை வடிவமைத்திருக்கிறார்கள். நம் வாசலில் நடந்த இந்த மாற்றத்தைத் தமிழ்க் கலை விமர்சனம் இன்னும் உரிய கவனத்தோடு பதிவு செய்யவில்லை. ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் தந்த பக்கங்களைச் சுட்ட மண்ணுக்கும் தர வேண்டும். எழுதும்போது, யார் வனைந்தார், யார் பூச்சு கலந்தார், யார் சூளையைப் பார்த்துக்கொண்டார் என்று கேட்டு எழுத வேண்டும். அருங்காட்சியகங்கள் தம் பெயர்ப்பலகைகளில் அதற்கு ஒரு வரி ஒதுக்க வேண்டும். தெரியாத இடத்தில் ‘செய்தவர் பெயர் பதிவாகவில்லை’ என்றாவது எழுத வேண்டும். பீங்கான் கலை குறித்து நம் இதழுக்கு எழுதுகிறவர்களிடம், இனி இந்தப் பெயர்களையும் சேர்த்தே அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறோம்.