ஏரியின் எல்லை கரையோடு முடிவதில்லை

ஊர்ப்பொதுவைக் காப்பது ஆள்வோரின் கடமை மட்டுமன்று, அதனால் வாழும் ஊராரின் கடமையும் ஆகும் என்னும் நெறியைத் தொண்டை மண்டலம் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் பொறித்தது. சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைக் குடவோலைத் தேர்தலுக்காகப் போற்றும் நாம், அவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டோர் ஏற்ற பொறுப்புகளுள் ஏரி வாரியமும் ஒன்று என்பதையும், வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரோடு அவர்தம் உறவினரும் தகுதி இழந்தனர் என்பதையும் அவ்வளவாக நினைப்பதில்லை.

அந்தப் பொறுப்புணர்வு சோழரோடு மறையவில்லை. உத்திரமேரூரை அடுத்த வேடந்தாங்கலின் உழவர்கள், தம் ஏரிப் பறவைகளைச் சுடலாகாது என முறையிட்டு, 1798இல் ஆட்சியர் லயோனல் பிளேசிடம் அவற்றைக் காக்கும் உரிமை பெற்றனர். தீபாவளியன்றும் வெடி வெடிக்காத ஊர் அது. நீர்க்கடம்பின் கிளைகளில் கூடுகள் நெருங்கியிருக்க, பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாகப் பாய்வதை அவர்கள் தலைமுறைகளாக அறிவார்கள்.

வேடந்தாங்கலும் அருகிலுள்ள கரிக்கிலியும் 2022இல் ராம்சர் ஈரநிலங்களாயின. ஆயினும், அதற்கு இரண்டே ஆண்டுகளுக்கு முன், வேடந்தாங்கல் சரணாலயத்தின் எல்லையை, ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் என்பதிலிருந்து மூன்றாகச் சுருக்கும் முன்மொழிவு எழுந்ததை நாடு மறக்கலாகாது. மக்கள் எதிர்ப்பால் அது நிறைவேறவில்லை. ஏரியில் கூடு கட்டும் நத்தைகுத்தி நாரை, குஞ்சுக்கு இரை தேடுவது சுற்றியுள்ள சேற்று வயல்களிலும் சிற்றேரிகளிலும்தான். அவ்வயல்கள் ஆலைகளுக்கும் மனைகளுக்கும் இரையாகுமாயின், கரைக்குள் எத்தனை கடம்பு நட்டும் பயனில்லை. கூட்டைக் காத்து இரைநிலத்தைக் கைவிடுவது காப்பு ஆகாது என்பதே நம் உறுதியான கருத்து.

ஆகவே, ஐந்து கிலோமீட்டர் எல்லை இனி எக்காரணத்தாலும் குறைக்கப்படாது என்று தமிழக அரசு வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். அவ்வெல்லைக்குள் எத்தொழிலுக்கு இசைவு வழங்குவதாயினும், முன்னதாக அந்தந்த ஊரின் கிராம சபையைக் கேட்டாக வேண்டும்.