கோட்டுக்குச் சற்று அப்பால்

செகந்திராபாத்தின் வடபகுதியில் அமைந்தது போலாரம். குடியரசுத் தலைவர் தென்னகம் வரும்போது தங்கும் இராஷ்டிரபதி நிலையம் இங்குத்தான் உள்ளது. ஆங்கிலேயர் காலத்தில் சென்னைப் படைப்பிரிவுகளோடு வந்த தமிழர் செகந்திராபாத்தின் படைவீட்டுப் பகுதிகளில் குடியமர்ந்தனர். பின்னாளில் ரயில்வே, தொழிற்சாலை, கடை என வேலை தேடி மேலும் பலர் வந்தனர். இக்குடும்பங்களில் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கும் ஆண்டில், சமையற்கட்டு வரையிலும் கல்லூரிக் கட்டணமே பேச்சாக இருக்கும்.

தெலங்கானா அரசு, கல்லூரிக் கட்டணத்தைத் திருப்பிச் செலுத்தும் திட்டம் ஒன்றை நடத்திவருகிறது. ஒன்றுபட்ட ஆந்திரப் பிரதேசத்தில் தொடங்கிய திட்டம் அது. மாணவரின் பிரிவுக்கும் நுழைவுத்தேர்வுத் தரவரிசைக்கும் ஏற்ப முழுக் கட்டணத்தையோ ஒரு பகுதியையோ அரசு ஏற்கும். நகரில் வாழும் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 2 லட்சம் ரூபாயைத் தாண்டக்கூடாது என்பது விதி.

போலாரத்தில் அடுத்தடுத்து இரண்டு வீடுகள் இருப்பதாக எண்ணிக்கொள்வோம். ஒரு வீட்டின் மாத வருமானம் 16,500 ரூபாய். மற்றதன் வருமானம் 17,000 ரூபாய். ஆண்டுக் கணக்கில் முதல் வீட்டுக்கு 1,98,000, இரண்டாவதற்கு 2,04,000. இடைவெளி ஆறாயிரம் ரூபாய். முதல் வீட்டுப் பெண்ணுக்கு உதவி உண்டு. அடுத்த வீட்டுப் பெண்ணுக்கு ஒரு ரூபாயும் இல்லை. ஐதராபாத்தின் தனியார் பொறியியல் கல்லூரிகள் பலவற்றில் ஆண்டுக் கட்டணம் ஒரு லட்சத்தைத் தாண்டும். ஆறாயிரம் கூடுதலாக ஈட்டியதற்கு இக்குடும்பம் கொடுக்கும் விலை அது. தந்தைக்குக் கிடைத்த ஊதிய உயர்வே மகளின் படிப்புக்குத் தடையாவதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

அரசின் கருவூலத்துக்கும் அளவு உண்டு. ஓர் எல்லை வேண்டாமா என்று கேட்பர். வேண்டும். ஆனால் அந்த எல்லை மலைமுகடுபோல ஓரடியில் முடியவேண்டுவதில்லை, படிக்கட்டாக இறங்கலாம். இந்தியத் தொழில்நுட்பக் கழகங்கள் 2016இல் ஆண்டுக் கட்டணத்தை 90,000 ரூபாயிலிருந்து 2 லட்சமாக உயர்த்தின. அப்போது, குடும்ப வருமானம் ஒரு லட்சத்துக்குள் இருப்போர்க்கு முழுக் கட்டண விலக்கும், ஒரு லட்சம் முதல் ஐந்து லட்சம் வரை உள்ளோர்க்கு மூன்றில் இரு பங்கு விலக்கும் அளிக்கப்பட்டன. ஐந்து லட்சத்தில் அங்கும் ஒரு பள்ளம் உண்டு என்பது மெய்தான். எனினும் ஒரு படியேனும் கட்டினார்களே! மாநிலத் திட்டத்திலும் 2 லட்சத்துக்கு மேல் உதவியைச் சிறிது சிறிதாகக் குறைப்பது இயலாத செயலன்று.

வருமானம் மட்டுமே அளவுகோலாக இருக்கவேண்டும் என்பதுமில்லை. தமிழ்நாடு 2010இல் வேறொரு கேள்வியைக் கேட்டது: ‘இக்குடும்பத்தில் இதற்குமுன் பட்டம் பெற்றவர் உண்டா?’ இல்லையெனில், கலந்தாய்வு வழியே தொழிற்கல்வியில் சேரும் அம்முதல் பட்டதாரிக்கு, வருமான வரம்பு பாராமல் கல்விக் கட்டணச் சலுகை கிடைத்தது. சம்பளச் சீட்டு வாங்குபவரின் ஒவ்வொரு ரூபாயும் வெளிப்படையாகத் தெரியும். கடை நடத்துபவரின் வருமானம் அவர் சொல்லும் அளவுக்கே தெரியும். இக்குறை அந்தக் கேள்விக்கு இல்லை.

புலம்பெயர்ந்தோர் மற்றொரு கோட்டையும் கண்டதுண்டு. 2014இல் தெலங்கானா அரசு கல்வி உதவிக்கெனப் புதிய திட்டம் ஒன்றை அறிவித்தது. 1956 நவம்பர் 1ஆம் நாளுக்கு முன்பே தெலங்கானாவில் வாழ்ந்த குடும்பத்தினர்க்கே உதவி என்றது அது. படைப்பிரிவோடு வந்தவரின் கொள்ளுப்பேரனுக்கு அதில் இடம் இருந்திருக்கலாம், பழைய சான்று கையில் இருந்தால்! 1970இல் ரயிலேறி வந்தவரின் பேத்தி, போலாரத்திலேயே பிறந்தவளாயினும், வெளியே நிற்கவேண்டும். வழக்கு உயர்நீதிமன்றம் சென்றது. 2015இல் அரசு அத்திட்டத்தைக் கைவிட்டது. அந்தக் கோடு அழிந்தது. வருமானக் கோடு நிற்கிறது.

கோட்டுக்கு அப்பால் உள்ளவர்க்கு எஞ்சுவது கடன். 2024 நவம்பரில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்த வித்யாலட்சுமி திட்டத்தின்படி, ஈடும் பிணையாளரும் இன்றிக் கல்விக்கடன் பெறலாம். ஆண்டு வருமானம் 8 லட்சம் வரை உள்ள, வேறு அரசு உதவி பெறாத குடும்பங்களின் மாணவர்க்கு, 10 லட்சம் வரையிலான கடனில், தவணை தொடங்கும் முன்னுள்ள காலத்துக்கு 3 விழுக்காடு வட்டி மானியமும் உண்டு. பயனுள்ள திட்டம்தான். ஆனால் தேசியத் தரவரிசையில் முன்னிற்கும் நிறுவனங்களில் சேர்வோர்க்கே அது பொருந்தும். அந்த இரண்டாவது வீட்டுப் பெண் சேரக்கூடிய சிறு கல்லூரி அப்பட்டியலில் இல்லையெனில், அவள் தந்தை நகையை எடுத்துக்கொண்டு அடகுக்கடைக்குத்தான் நடக்கவேண்டும்.