கொலையும் இடைச்செருகலும்

துப்புத் துலங்காத குற்றத்தைச் சுற்றிக் கதைகள் கிளைத்தெழுதல் உலகியல்பு. இங்கிலாந்தில் 1945-ஆம் ஆண்டு நிகழ்ந்து, இன்றுகாறும் கொன்றவர் இன்னார் எனத் தெளியப்படாத கொலையொன்று உண்டு. சூனியம் பயிலும் மறைவான சமயக் கூட்டத்தார் ஒரு முதியவரைப் பலியிட்டனர் என்பது அதனைச் சூழ்ந்தெழுந்த கதை. அக்கதை ஏற்கத்தக்கதன்று என்பதும், ஆராயாது அதனை ஏற்றல் தீங்கு பயக்கும் என்பதும் என் துணிபு.

முதற்கண் நிகழ்ந்ததைக் கூறுவேன். ஷேக்ஸ்பியர் பிறந்த ஸ்டிராட்ஃபோர்டுக்கு அணித்தே, வார்விக்ஷயரில் லோயர் குவின்டன் என்னும் சிற்றூர் உளது. அவ்வூரிற் பண்ணை வேலை செய்து வாழ்ந்தவர் சார்லஸ் வால்ட்டன்; எழுபத்து நான்கு வயதினர்; மனைவியை இழந்தவர்; வாதநோயால் ஊன்றுகோல் துணைக்கொண்டு நடப்பவர். 1945 பிப்ரவரி 14-ஆம் நாள், சாம்பல் புதனன்று, மீயன் குன்றின் சாரலில் வேலி கழிக்கச் சென்றார். அந்தியிலும் வீடு திரும்பாமையால், உடன்வாழ்ந்த பெறாமகள் பிறருடன் தேடிச் சென்றாள். வேலியோரத்தே அவர் மாண்டு கிடந்தார். அவருடைய ஊன்றுகோலே அவரை அடித்திருந்தது. அவருடைய அரிவாளே கழுத்தை அறுத்திருந்தது. வைக்கோல் வாருங் கவைக்கோல் உடலைத் தரையோடு தைத்திருந்தது.

ஸ்காட்லாந்து யார்டிலிருந்து ராபர்ட் ஃபேபியன் என்னும் புகழ்வாய்ந்த துப்பறிவாளர் வந்து ஆராய்ந்தார். அருகிலிருந்த முகாமின் இத்தாலியப் போர்க்கைதிகள்மேல் ஐயம் எழுந்தது, சான்று கிடைத்திலது. வால்ட்டனுக்கு வேலை தந்த பண்ணையாரின் வாக்குமூலத்தில் முரண்கள் காணப்பட்டன. அவர்மேற் குற்றஞ்சாட்டவும் சான்று போதவில்லை. யாரோ கொன்றனர் என்பதோடு விசாரணை ஓய்ந்தது.

நிற்க. சூனியக் கதை பிறந்தவாற்றை இனி நோக்குவோம். தமிழ் பயிலும் மாணாக்கராகிய நமக்கு ஒரு நல்ல வழக்கம் கற்பிக்கப்படுகின்றது. ஓர் ஏட்டைக் கையிலெடுத்தால் மூலம் யாது, உரை யாது, பிற்காலத்தார் செருகியது யாது என வகுத்துக் காணல் வேண்டும் என்பர் நம் ஆசிரியர். அவ்வளவுகோலை இக்கதைக்கும் இட்டுப் பார்ப்போம்.

கருநாயைக் கண்ட சிறுவனின் கதை ஒன்று. அவ்வட்டாரத்துப் பழங்கதைகளைத் தொகுத்த ஒரு குருவானவரின் நூலில், 1885-இல் சார்லஸ் வால்ட்டன் என்னும் உழவுச் சிறுவன் மரணத்தை முன்னறிவிக்கும் கருநாயைக் கண்டதாக உளது. அச்சிறுவனே கொலையுண்ட கிழவர் என்பதற்குப் பெயரொற்றுமையன்றி வேறு சான்று காட்டுவாரில்லை. கிழவரின் மார்பிற் சிலுவைக்குறி கீறப்பட்டிருந்தது என்பது மற்றொன்று. அது பின்னெழுந்த நூல்களிற் காணப்படுவது. கொலை நடந்த காலத்து ஆவணங்களில் அதற்குச் சான்றில்லை என்பர் ஆராய்ந்தோர்.

பெரியோர் வாக்கும் இக்கதைக்கு உரமாயிற்று. மார்கரெட் மர்ரே என்னும் எகிப்தியத் தொல்பொருள் அறிஞர், கிறிஸ்து மார்க்கத்துக்கு முற்பட்ட ஒரு சமயம் ஐரோப்பாவெங்கும் மறைவில் வாழ்ந்துவந்தது என 1921-இல் ஒரு நூலில் நாட்டினார். 1950-ஆம் ஆண்டளவில் அவர் இக்கொலையையும் சூனியத்தோடு பொருத்தி உரைத்தார். ஃபேபியனும் 1970-இல் வெளிவந்த தம் நூலில், மாந்திரீகத்தை நாடுவோர்க்கு எச்சரிக்கையாக வால்ட்டனின் முடிவைச் சுட்டினார். ஆயின் மர்ரேயின் கொள்கையைப் பின்வந்த வரலாற்றாசிரியர்கள் சான்றற்றதெனத் தள்ளிவிட்டனர். அடித்தளம் சரிந்தபின்னும் மேன்மாடம் அந்தரத்தில் நிற்கின்றது!

இனி, சூனியக் கதையினர் தமக்குத் துணையென எடுத்துக்காட்டும் நிகழ்ச்சியொன்று உண்டு. அதே வார்விக்ஷயரில், லாங் காம்ப்டன் என்னும் ஊரில், 1875-இல் ஆன் டெனன்ட் என்னும் மூதாட்டி கவைக்கோலாற் குத்துண்டு இறந்தாள். ‘கருவியும் ஒன்று, வட்டாரமும் ஒன்று, ஆதலின் கொன்ற கூட்டமும் ஒன்று’ என்பது அவர்தம் வாதம். அவ்வழக்கின் உண்மை யாது? அவளைக் கொன்றவன் சூனியக்காரனல்லன்; தன் ஊரிற் சூனியக்காரிகள் பலர் மறைந்துறைகின்றனர் என்றும், அவளும் அவர்களுள் ஒருத்தி என்றும் நம்பியவன். சித்தசுவாதீனம் இல்லாதவன் என நீதிமன்றம் அவனைக் காவலில் வைத்தது. ஆகவே அங்கே உயிர் குடித்தது சூனியமன்று. சூனியத்தைப் பற்றிய அச்சமே. தம் கட்சிக்கு அவர் அழைத்த சாட்சி எதிர்க்கட்சிக்கே சாட்சி பகர்கின்றது.

இவ்வச்சம் ஒரு சிற்றூரோடு நிற்பதன்று. கிறிஸ்து மார்க்கத்தாராகிய நாம் இதனை நன்கு உணர்தல் வேண்டும். ஆதிக் கிறிஸ்தவர்கள் இரவிற் கூடிக் குழந்தைகளைக் கொன்று உண்பவர் என உரோமாபுரியார் பழி தூற்றினர். அப்பழியைச் சுமந்த மரபிலே வந்தோரே பின்னர் அதே பழியைப் பிறர்மேற் சுமத்தினர். 1144-இல் இங்கிலாந்தின் நாரிச் நகரருகே வில்லியம் என்னும் சிறுவன் காட்டிற் கொலையுண்டு கிடந்தான். யூதர் தம் சமயச் சடங்கிற்காக அவனைக் கொன்றனர் என ஒரு துறவி சில ஆண்டுகள் கழித்து எழுதிவைத்தார். அவனைக் கொன்றவரும் இன்றளவும் அறியப்படவில்லை. ஆனால் அவ்வெழுத்துப் போன்ற பழிகளால் பின்வந்த நூற்றாண்டுகளில் உயிரிழந்த யூதர் பலர்.

சமயத்தின் பெயராற் கொலை நிகழ்வதேயில்லையோ எனின், நிகழ்வதுண்டு. நிகழ்ந்ததெனக் கூறுதற்குச் சான்று வேண்டும் என்பதே என் வேண்டுகோள். சான்றில்லாதவிடத்து ‘அறியோம்’ என்று அமைதல் இழிவன்று. அவ்வெற்றிடத்தை நமக்குப் பிடியாத கூட்டத்தாரைக் கொண்டு நிரப்புதலே இழிவு.

ஈண்டு என் குற்றமொன்றையும் ஒப்புக்கொள்வேன். இக்கதையை முதன்முதற் படித்த நாளில், விடுதியில் இரவு நண்பர் நால்வருக்குச் சுவைபடச் சொன்னேன். கருநாயும் சிலுவைக்குறியும் கேட்டு அவர்கள் நடுங்கக் கண்டு மகிழ்ந்தேன். முடிவில் ஒருவன், “அந்தப் பெரியவர் பெயர் என்ன?” என்று வினவினான். எனக்கு நினைவு வரவில்லை. நாயின் நிறம் நினைவில் நின்றது; மனிதன் பெயர் நிற்கவில்லை.

அன்று நாணினேன். கதை தழைக்கத் தழைக்க, கொலையுண்டவன் மறைகின்றான். கொன்றவனும் அந்நிழலிலே ஒதுங்கித் தப்புகின்றான். இவ்விரண்டு அநீதிக்கும் கேட்டு மகிழ்வோராகிய நாமும் உடந்தையே. ஆதலின், மாணவ நண்பர்காள்! இத்தகைய கதையொன்று நும் செவிக்கு எட்டுமாயின், இறந்தவர் யார், அறியப்பட்டது யாது, பின்னர்ச் செருகப்பட்டது யாது என மூன்று வினாக்களைக் கேண்மின். விடையில்லாதவிடத்து வாய்மூடி நிற்றலும் வாய்மையின்பாற்படும்.