இருளும் இசையும்

“மாஸ்டர், நீங்களே ஒருக்கால் போய்ப் பாருங்கோ. அங்கே என்னதான் நடக்குதென்று வந்து எனக்குச் சொல்லுங்கோ.”

கொட்டாஞ்சேனையில் வசிக்கும் ஒரு தாயார் சென்ற மாதம் என் வீட்டு வாசலில் நின்று இவ்வாறு கேட்டுக்கொண்டார். அவருடைய மகன் என் பழைய மாணவன். ஏழு ஆண்டுகள் வயலின் பயின்றவன். இப்பொழுது வயலினை உறையில் இட்டுவிட்டு, இரவு விடுதியொன்றில் ‘டார்க் சிந்த்வேவ்’ என்னும் சங்கீதம் வாசிக்கிறானாம். அத்தகைய இடத்தில் என் கால் பட்டதேயில்லை. ஆயினும் தாயின் கண்ணீருக்கு மறுப்புச் சொல்ல எவரால் இயலும்? சனிக்கிழமை இரவு, காதுக்குப் பஞ்சும் கையுமாகப் புறப்பட்டேன்.

பஞ்சு வீண்போகவில்லை. இத்தகைய இடங்களில் கால் மணி நேரச் சராசரி ஒலி 100 டெசிபலைத் தாண்டலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் வரையறுத்திருக்கிறது. அன்றைய முழக்கம் என் நெஞ்செலும்பையே அதிரச் செய்தது. சிவப்பும் ஊதாவுமான ஒளி, புகை மூட்டம். மேடையில் ஒரு மேசை, இரண்டு யந்திரங்கள், என் மாணவன். பாடகர் எவருமில்லை.

இந்தச் சங்கீதத்தின் வரலாறு சுவையானது. மின்னதிர்வை வடிகட்டி ஒலியாக்கும் சிந்தசைசர் யந்திரத்தை அமெரிக்கரான ராபர்ட் மூக் 1964இல் உருவாக்கினார். 1978இல் ஜோன் கார்பென்டர் ‘ஹலோவீன்’ என்னும் பயங்கரப் படத்தை இயக்கி, அதற்குத் தாமே அத்தகைய யந்திரங்களால் இசையும் அமைத்தார். அந்த இருண்ட ஒலியில் மயங்கிய பிற்காலத்து இளைஞர்களே இந்த வகையை வளர்த்தார்கள். பிரான்ஸ் நாட்டின் பெர்ட்டர்பேட்டர், கார்பென்டர் புரூட் ஆகியோர் அவர்களுள் பெயர்பெற்றவர்கள்.

‘இது நமக்கு அந்நியம்’ என்று எண்ணியபடி நின்றேன். அப்பொழுதுதான் ஒன்று செவியில் பட்டது. அடியில் இடைவிடாது முழங்கிய ஒலி, சுருதியன்றி வேறென்ன? அதன்மேல் ஏறிய சுரங்கள், ஸட்ஜத்தை ஒட்டி நிற்கும் சுத்த ரிஷபம், பின்னர் அந்தர காந்தாரம்... சந்தேகமில்லை, மாயாமாளவகௌளை! பிள்ளைகள் சரளி வரிசை பயிலும் அதே இராகம். வயலின்தான் உறைக்குள் கிடந்தது. கற்ற வித்தை வெளியேதான் இருந்தது.

இது புதுமையுமன்று. பம்பாய்த் திரைப்பட வாத்தியக்காரரான சரண்ஜித் சிங், 1982இலேயே பைரவ், மால்கௌன்ஸ் முதலிய பத்து இராகங்களைச் சிந்தசைசரிலும் தாள யந்திரத்திலும் வாசித்து இசைத்தட்டாக வெளியிட்டார். அந்த பைரவ்தான் நமது மாயாமாளவகௌளை; மால்கௌன்ஸ் நமது ஹிந்தோளம். அன்று அதைக் கவனித்தோர் சிலரே. 2010இல் மறுபடியும் வெளிவந்தபோது உலகமே வியந்தது. முதுமையில் ஐரோப்பிய மேடைகளில் வாசித்துவிட்டு, 2015இல் அவர் காலமானார்.

நிகழ்ச்சி முடிய இரவு பதினொன்றரை. இருவரும் காலி வீதியில் வெள்ளவத்தையை நோக்கி நடந்தோம். கடற்காற்று வீசியது. அவனுடைய கைத்தொலைபேசியில் தாயாரின் அழைப்புகள் ஐந்து, எடுக்கப்படாமல் கிடந்தன.

“அம்மாவுக்கு இந்த மியூசிக் பிடிக்காது, சேர்” என்றான், சற்றே சலிப்புடன்.

“தம்பி, அம்மா பயப்படுவது இசைக்கு அல்ல, இரவுக்கு” என்றேன்.

அவனுக்கு விளங்கவில்லை. எப்படி விளங்கும்? என் மாணவப் பருவத்தில் இதே வீதியில் இருட்டியபின் நடப்பதென்றால் அடையாள அட்டையும் பொலிஸ் பதிவுத் துண்டும் சட்டைப்பையில் இருக்க வேண்டும். நெஞ்சில் நடுக்கமும் இருக்கும். 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் முந்நூறுக்கும் மேற்பட்டோர் பேருந்துகளில் ஏற்றப்பட்டு நகரைவிட்டு அனுப்பப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. ஆனால் ஏற்றப்பட்டவர்களுள் இவனுடைய தாய்மாமனும் ஒருவர்.

“உன் மாமாவுக்கு அன்று நேர்ந்ததை அம்மா சொல்லியிருக்கிறாவா?”

“இல்லை, சேர்.”

“இன்றிரவே கேள்.”

சிறிது தூரம் மௌனமாக நடந்தான். பிறகு தொலைபேசியை எடுத்து, “அம்மா, வெளிக்கிட்டிட்டன். சேரும் கூட நிற்கிறார். நீங்கள் படுக்காமல் இருங்கோ, ஒன்று கேட்க வேணும்” என்றான்.

பெற்றோரே, நம் அச்சங்களின் காரணத்தைப் பிள்ளைகளிடம் சொல்லாமல், வெறும் தடைகளை மட்டும் அவர்கள்மேல் சுமத்துகிறோம். இளைஞர்களே, தாய் ஐந்துமுறை அழைத்தால் அது உங்கள் கலையின்மேல் சொன்ன தீர்ப்பு அன்று. ஒருவர் சொல்லவும் மற்றவர் கேட்கவும் துணிந்தால், வீட்டிலுள்ள இருளில் பாதி நீங்கிவிடும்.

அடுத்த நிகழ்ச்சிக்கு அந்தத் தாயாரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்கும் சேர்த்துப் பஞ்சு நான் கொண்டுபோவேன்.