ஜிம் பாஸ்: வசதி யாருக்கு?

கம்ப்யூட்டரும் இண்டர்நெட் இணைப்பும் வீட்டுக்கு வந்த பிறகு ரயில் டிக்கெட், காஸ் சிலிண்டர், மின் கட்டணம் என்று பல வேலைகளை உட்கார்ந்த இடத்திலேயே முடித்துக் கொள்கிறோம். இந்த வரிசையில் உடற்பயிற்சிக் கூடமும் சேர்ந்துவிட்டது. ஒரு வெப்சைட்டில் அல்லது ஆப்பில் ஒரு கணக்கு தொடங்க வேண்டியது. மாதம் ஒரு தொகை செலுத்த வேண்டியது. அந்தத் திட்டத்தில் சேர்ந்துள்ள பல ஜிம்களில் நமக்குப் பிடித்ததை, பிடித்த நேரத்துக்கு முன்பதிவு செய்துகொள்ள வேண்டியது. இன்று ஆபீஸ் பக்கத்தில் உள்ள ஜிம், ஞாயிற்றுக்கிழமை வீட்டுப் பக்கத்தில் யோகா வகுப்பு என்று மாற்றிக் கொள்ளலாம்.

அமெரிக்காவின் கிளாஸ்பாஸ் இத்தகைய சேவைகளில் புகழ்பெற்றது. இந்தியாவில் 2016ல் பெங்களூருவில் தொடங்கப்பட்ட கல்ட்.பிட், 2021ல் மும்பையின் பிட்டர்னிட்டி நிறுவனத்தை வாங்கித் தன்னை விரிவாக்கிக் கொண்டது. இந்தச் சேவைகள் நல்லவையா, கெட்டவையா? நல்ல யோசனைதான் என்பது என் கருத்து. ஆனால் பாஸ் வாங்கும் முன் திரைக்குப் பின்னால் நடக்கும் கணக்கைத் தெரிந்து கொள்ள வேண்டும்.

ஏன் நல்ல யோசனை?

ஸ்டெபானோ டெல்லாவிக்னா, உல்ரிக்கே மால்மெண்டியர் என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் 2006ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அமெரிக்காவில் 3 உடற்பயிற்சி மையங்களின் 7,752 உறுப்பினர்கள் எத்தனை முறை வந்தார்கள் என்று கணக்கெடுத்தார்கள். மாதம் 70 டாலருக்கு மேல் கட்டியவர்கள் சராசரியாக மாதத்தில் 4.3 முறைதான் வந்திருந்தார்கள். அதாவது ஒரு வருகைக்கு 17 டாலருக்கு மேல். அதே மையங்களில் 10 முறை வருவதற்கான கார்டு வாங்கியிருந்தால் ஒரு வருகைக்கு 10 டாலர்தான் ஆகியிருக்கும்.

"தினமும் போவேன்" என்று நம்பித்தான் எல்லோரும் பணம் கட்டுகிறோம். ஜனவரியில் வருட சந்தா கட்டி, மார்ச்சில் ஜிம் பையை அலமாரி மேல் தூக்கிப் போட்டவர்கள் நம் தெருவிலேயே இருப்பார்கள். போகும் நாளுக்கு மட்டும் பணம் என்ற முறை இவர்களுக்கு லாபம்தான்.

ஜிம் உரிமையாளருக்கும் இதில் பலன் உண்டு. காலை 6 மணிக்கு நிற்க இடமில்லாத கூடம் 11 மணிக்குக் காலியாகக் கிடக்கும். வாடகையும் மின்சாரமும் பயிற்சியாளர் சம்பளமும் அப்போதும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அந்தக் காலி இடத்தைக் குறைந்த விலைக்கு ஆப் நிறுவனத்திடம் கொடுத்தால் கிடைப்பது வரவு.

கிளாஸ்பாஸ் சொல்லும் பாடம்

கிளாஸ்பாஸைத் தொடங்கியவர் பாயல் கடாகியா. அமெரிக்காவில் பிறந்த இந்திய வம்சாவளிப் பெண். எம்ஐடியில் படித்தவர், நடனக் கலைஞர். 2010ல் நியூயார்க்கில் பாலே வகுப்பு ஒன்றைக் கண்டுபிடிக்க இண்டர்நெட்டில் நெடுநேரம் தேடி அலுத்துப் போனதில் பிறந்த யோசனை இது. பின்னர் 2013ல் கிளாஸ்பாஸ் என்ற பெயருடன் அறிமுகமாகி, 2014ல் மாதம் 99 டாலருக்கு எத்தனை வகுப்புக்கு வேண்டுமானாலும் போகலாம் என்ற திட்டத்தைக் கொண்டு வந்தது. ஒரே கூடத்துக்கு மாதம் 3 முறைக்கு மேல் போகக்கூடாது என்பது மட்டும் நிபந்தனை. மக்கள் குவிந்தார்கள்.

பிறகு நியூயார்க்கில் கட்டணம் 125 டாலர் ஆனது. 2016ல் 190, 200 டாலர் என்று ஏறியது. அதே ஆண்டு நவம்பரில் அளவில்லாத் திட்டமே நிறுத்தப்பட்டது. 2018ல் எல்லோரையும் "கிரெடிட்" முறைக்கு மாற்றினார்கள். 2021ல் மைண்ட்பாடி என்ற நிறுவனம் கிளாஸ்பாஸை வாங்குவதாக அறிவித்தது.

ஏன் இப்படி ஆனது? ஒரு சாதாரணக் கணக்கு போட்டுப் பாருங்கள். உங்களிடம் மாதம் 1,000 ரூபாய் வாங்கும் ஆப், நீங்கள் ஒவ்வொரு முறை போகும்போதும் ஜிம்முக்கு 100 ரூபாய் தர வேண்டும் என்று வைத்துக் கொள்வோம். நீங்கள் மாதம் 5 நாள் போனால் அதற்கு 500 ரூபாய் லாபம். 10 நாள் போனால் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. 20 நாள் போனால் 1,000 ரூபாய் நஷ்டம். ஒழுங்காக உடற்பயிற்சி செய்பவர்தான் அந்த நிறுவனத்துக்குப் பாரம்! வாடிக்கையாளர் எந்த அளவுக்கு ஆரோக்கியமாகிறாரோ அந்த அளவுக்கு நிறுவனம் இளைத்துப் போகும் திட்டம் நிலைக்க முடியாது. எனவே "அளவில்லாமல்" என்ற விளம்பரத்தைப் பார்த்தால், இது எத்தனை மாதத்துக்கு என்று கேட்டுப் பாருங்கள்.

கிரெடிட் என்னும் திரை

கிரெடிட் முறையில் நம் பணம் புள்ளிகளாக மாற்றப்படுகிறது. ஒரு வகுப்புக்கு இத்தனை புள்ளி என்பதை எப்போதும் ஒரே மாதிரி வைப்பதில்லை. கூட்டம் சேரும் மாலை நேரத்துக்கு அதிகம், காலியான மதியத்துக்குக் குறைவு என்று சாப்ட்வேரே தீர்மானிக்கிறது. தேவைக்கு ஏற்ப விலை மாறுவதில் தவறில்லை. பண்டிகை நாளில் மல்லிகைப் பூ விலை ஏறவில்லையா? ஆனால் பூக்காரம்மா ரூபாயில் சொல்கிறார். "7 கிரெடிட்" என்றால் எத்தனை ரூபாய் என்று நம்மில் எத்தனை பேர் மனக்கணக்குப் போடுவோம்?

சாப்ட்வேர் எழுதுபவன் என்ற முறையில் ஒன்று சொல்ல முடியும். கிரெடிட்டுக்குப் பக்கத்தில் அதன் ரூபாய் மதிப்பையும் காட்டுவது கடினமான வேலை அல்ல. ஒரு பெருக்கல்தான். சந்தாவை நிறுத்தும் பட்டனை, சேரும் பட்டன் இருக்கும் திரையிலேயே வைப்பதும் அப்படித்தான். ஒரு திரையில் இவை இல்லை என்றால், வேண்டாம் என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள்.

தெருமுனை ஜிம்மின் நிலை

இன்னொரு பக்கமும் உண்டு. பழைய வாடிக்கையாளரும் ஆப் வழியாகவே வரத் தொடங்கினால், முழுக் கட்டணம் கொடுத்தவர் குறைந்த கட்டணத்துக்கு மாறிவிடுகிறார். வருபவரின் விவரம், பழக்கம் எல்லாம் ஆப்பின் சர்வரில் சேர்கின்றன. நாளை ஆப் நிறுவனம் தரும் தொகையைக் குறைத்தாலும் விலகுவது சுலபம் அல்ல. கடன் வாங்கி நாலு மெஷின் போட்டவர் கதவை மூடினால், ஆப்பில் ஒரு பெயர் குறையும். நமக்கு நடந்து போகும் தூரத்தில் இருந்த ஜிம் போய்விடும். ஆகவே ஆப்பில் பார்த்துப் பிடித்துப்போன ஜிம்முக்கு நேரில் சென்று, "10 நாள் கார்டு தருவீர்களா?" என்று கேளுங்கள். கிடைத்தால் இருவருக்கும் லாபம்.

நம் கையில் உள்ள பாதுகாப்பு

கார்டிலிருந்தோ யுபிஐ ஆட்டோபே மூலமோ மாதாமாதம் பணம் தானாகக் கழிவதற்கு ரிசர்வ் வங்கி விதிகள் உள்ளன. அக்டோபர் 1, 2021 முதல் நடைமுறையில் உள்ள முறைப்படி, பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் உங்களுக்குத் தகவல் வர வேண்டும். அந்த எஸ்எம்எஸ்ஸை விளம்பரம் என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். வேண்டாத சந்தாவைத் தடுக்க அதுவே நல்ல தருணம். மேலும், நவம்பர் 30, 2023ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டி நெறிகள் ஏமாற்றும் திரை வடிவமைப்புகளில் 13 வகைகளைப் பட்டியலிட்டுள்ளன. சேருவதைச் சுலபமாகவும் விலகுவதைச் சிரமமாகவும் வைக்கும் சந்தாப் பொறியும் அதில் ஒன்று.

பாஸ் வாங்க விரும்புபவர்கள் முதலில் மிகச் சிறிய திட்டத்தில் ஒரு மாதம் மட்டும் சேருங்கள். சேரும் முன்பே விலகும் வழி எங்கே இருக்கிறது, முன்பதிவை எத்தனை மணி நேரத்துக்கு முன் ரத்து செய்ய வேண்டும், மிஞ்சிய கிரெடிட் அடுத்த மாதத்துக்கு வருமா என்ற மூன்றையும் பார்த்து வையுங்கள். புதுக் கம்ப்யூட்டரில் எக்செல் இருக்கிறது அல்லவா? போன தேதிகளை அதில் குறித்து, கட்டிய தொகையைப் போன நாட்களால் வகுத்துப் பாருங்கள். வாரம் 4 நாள் போகிறவர் என்றால் பக்கத்து ஜிம்மின் மாதச் சந்தாவே மலிவாக இருக்கலாம். மாதம் 4 நாள் என்றால் பாஸ் போதும். எது சரி என்று விளம்பரம் சொல்ல வேண்டாம். நீங்கள் குறித்து வைத்த அந்த எண் சொல்லிவிடும்.